அறிவியல் காணொலித் தொகுப்புடன் வரும் இரண்டு நாள் பயிற்சி போதுமா?

உங்கள் ஒன்றியத்து நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் அறிவியல் பாடங்களுக்காக, திறன்பலகையும் (தொட்டு இயக்கும் பெரிய மின்னணுத் திரை) அதனுடன் காணொலிகள், அனிமேஷன்கள், மாற்றி மாற்றிச் செய்து பார்க்கக்கூடிய கணினி மாதிரிகளான சிமுலேஷன்கள் அடங்கிய ஒரு தொகுப்பும் வாங்கித் தர ஓர் அறக்கட்டளை முன்வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விற்கும் நிறுவனம் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தருவதாகச் சொல்கிறது, அது போதுமா, போதாதென்றால் பயிற்சியை எப்படி அமைப்பது என்பது உங்கள் கேள்வி.

போதாது. அந்த இரண்டு நாளில் சொல்லித் தரப்படுவது கருவியைக் கையாளும் முறை: பலகையை எப்படி இயக்குவது, எழுதுகோலை எப்படிப் பயன்படுத்துவது, பாடத்தை எந்தப் பட்டியலில் தேடுவது, இணையம் இல்லாதபோது என்ன செய்வது. இவையெல்லாம் தேவைதான், ஆனால் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் அரை நாளில் முடிந்துவிடும். பாடத்துக்கான பயிற்சி என்பது முற்றிலும் வேறு. ஒரு பாடத்துக்குள் நுழையும்போதே பிள்ளைகள் மனத்தில் என்னென்ன எண்ணங்கள் இருக்கின்றன, காணொலியை எந்த இடத்தில் போடுவது, எங்கே நிறுத்துவது, நிறுத்தியதும் என்ன கேட்பது, எந்தப் பாடத்தில் திரையைத் தொடவே கூடாது என்பவற்றை ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு ஒரு கல்வியாண்டாவது பிடிக்கும். ஆகவே தொகுப்புக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்களோ அதே அளவு பணத்தை ஆசிரியர்களின் நேரத்துக்கும் பயணப்படிக்கும் சோதனைப் பொருள்களுக்கும் ஒதுக்குமாறு அறக்கட்டளையிடம் கேளுங்கள். இரண்டுக்கும் பணம் போதாது என்றால் தொகுப்பின் அளவைக் குறையுங்கள், பயிற்சியைக் குறைக்க வேண்டாம்.

நம் நாட்டின் பழைய அனுபவமே இதைச் சொல்கிறது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பிய சைட் சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிராமத்துப் பிள்ளைகள் பள்ளியில் அமர்ந்து தொலைக்காட்சி பார்க்கும் அந்தப் புகைப்படங்கள்தான் பலருக்கு நினைவில் இருக்கின்றன. அதே சோதனையின்போது தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தலில் 12 நாள் பயிற்சி இரு கட்டங்களாக நடத்தப்பட்டது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். அந்தப் பயிற்சியில் தொலைக்காட்சி ஒரு பகுதி மட்டுமே. வானொலி, அச்சிட்ட கையேடு, கையால் செய்யும் சோதனைகள், குழுவாக அமர்ந்து பேசும் நேரம் எல்லாம் ஒன்றோடொன்று பிணைத்துத் திட்டமிடப்பட்டிருந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, தொடக்க வகுப்புகளின் எளிய அறிவியலுக்கே 12 நாள் தேவை என்று கருதினார்கள் என்பதை உங்கள் இரண்டு நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நடுநிலை வகுப்புகளுக்கான பல்லூடக அறிவியல் பாடத்திட்டம் என்றால் அந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் முதலில் எடுத்துப் பேசுவது, நியூயார்க்கில் உள்ள பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரி 1984-இல் வெளியிட்ட 'தி வாயேஜ் ஆஃப் தி மிமி' என்ற தொகுப்பைத்தான். ஒரு பாய்மரக் கப்பலில் திமிங்கிலங்களைக் கணக்கெடுக்கப் புறப்படும் ஆய்வாளர்களும் அவர்களோடு செல்லும் இளையவர்களும்தான் கதை, 13 பகுதிகள். கப்பல் தலைவரின் பேரனாக நடித்த சிறுவன் பின்னாளில் ஹாலிவுட்டில் பெரும் புகழ்பெற்ற பென் அஃப்லெக். ஒவ்வொரு பகுதியிலும் கால் மணி நேரக் கதைக்குப் பின்னால், அதே நடிகர்கள் உண்மையான ஓர் ஆய்வுக்கூடத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ சென்று, அங்கே பணிபுரியும் அறிவியலாளருடன் உரையாடும் இன்னொரு கால் மணி நேரம் வரும். அதனோடு பாடநூல், வரைபடங்கள், அக்காலத்து ஆப்பிள் கணினிக்கான மென்பொருள்கள், கணினியுடன் இணைத்து வெப்பநிலை, ஒளி, ஒலி ஆகியவற்றை அளந்து திரையில் வரைபடமாகக் காட்டும் உணரிகள் என எல்லாம் சேர்ந்து வந்தன.

இதில் என்னைப் பெரிதும் கவர்ந்தது, கதையில் வரும் சிக்கல்கள்தாம் பாடமாக விரிகின்றன என்பது. குளிர்ந்த நீரில் நனைந்த கப்பல் தலைவரின் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைகிறது. அவரை எப்படிச் சூடேற்றுவது என்ற கேள்வியிலிருந்து வெப்பக் கடத்தல் பாடம் தொடங்குகிறது. தீவில் குடிநீர் இல்லை என்ற நெருக்கடி, ஆவியாதலையும் குளிர்தலையும் பற்றி யோசிக்க வைக்கிறது. வகுப்பில் உள்ள பிள்ளைக்கு அந்த அறிவு தேவைப்படும் கணத்தை உருவாக்கிவிட்டுப் பிறகு அறிவைத் தருவது என்ற அந்த வரிசையை, இன்று சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான தொகுப்புகளில் நான் காணவில்லை. அவை வரையறையில் தொடங்கி, விளக்கப் படத்தில் நகர்ந்து, பலவிடைக் கேள்விகளில் முடிகின்றன. பாடநூலின் பக்கம் திரையில் அசைகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இவ்வளவு அக்கறையுடன் செய்த தொகுப்பும் தன்னால் தானே பாடம் நடத்திவிடவில்லை. அதில் இருந்த ஒரு மென்பொருளில், வலையில் சிக்கிய திமிங்கிலத்தைத் தேடி மீட்க வேண்டும். ரேடார், திசைகாட்டி, தொலைநோக்கி ஆகியவை தரும் செய்திகளைக் கொண்டு கப்பல் எங்கே இருக்கிறது என்று கணித்து அதைச் செலுத்த வேண்டும். கோணம், தொலைவு, ஆயத்தொலைவு, வேகம் என்று கணிதமும் அறிவியலும் நிறைந்த பயிற்சி அது. ஆசிரியர் அதை அப்படிப் பார்த்த வகுப்பில் அது வாரக்கணக்கில் பாடத்தோடு கலந்து வளர்ந்தது. வேலையை முடித்தவர்களுக்குத் தரும் விளையாட்டாகப் பார்த்த வகுப்பில் விளையாட்டாகவே முடிந்தது. மென்பொருளில் எந்த மாற்றமும் இல்லை. பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியினர் பின்னர் இந்தப் பொருள்களைக் கொண்டே கணிதம், அறிவியல், தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கான ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தனியாக மேற்கொண்டார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உலகின் மிகச் சிறந்த தொகுப்புகளில் ஒன்றைச் செய்தவர்களுக்கே ஆசிரியரைத் தனியாகத் தயார்ப்படுத்த வேண்டியிருந்தது.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கானதுதான். 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்து, 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பின் பொறுப்பில் வளர்ந்து, 2002-இல் மாநில அரசு நிறுத்தும் வரை அது அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே நடந்தது. அங்கே திரை இல்லை. சோதனைப் பெட்டியும் பயிற்சி நூலும்தான் இருந்தன. கோடை விடுமுறையில் மூன்று வார அளவுக்கு ஆசிரியர்கள் கூடி, தாங்கள் நடத்தப் போகும் ஒவ்வொரு சோதனையையும் மாணவர்களைப் போலத் தாங்களே செய்தார்கள். தில்லிப் பல்கலைக்கழகம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களிலிருந்து வந்த அறிவியலாளர்கள் அவர்களோடு அமர்ந்து வாதம் செய்தார்கள். ஆண்டு முழுவதும் மாதாந்திரக் கூட்டங்களும் பள்ளிக்கே வந்து உடனிருந்து உதவும் ஏற்பாடும் இருந்தன. தேர்வையும் மாற்றி, புத்தகத்தைப் பார்த்து எழுதும் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்தார்கள். காணொலியோ கணினியோ எதைக் கொண்டு வந்தாலும், நாம் கட்ட வேண்டிய பயிற்சியின் அடித்தளம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இன்று தமிழ்நாட்டில் காணொலிகளுக்குப் பஞ்சமில்லை என்பதையும் அறக்கட்டளையிடம் எடுத்துச் சொல்லுங்கள். 2018-இல் தொடங்கி வெளிவந்த புதிய பாடநூல்களில் பாடந்தோறும் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் ஒளிபரப்பாகிறது. தீக்‌ஷா என்ற அரசின் கல்வித் தளத்திலும் மணற்கேணி என்ற அரசுச் செயலியிலும் பாடநூலை ஒட்டிய காணொலிகள் விலையில்லாமல் கிடைக்கின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் சிமுலேஷன்கள் இலவசம், பல தமிழிலும் உண்டு, ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். அறிவியல் பொம்மை வடிவமைப்பாளர் அர்விந்த் குப்தா செய்து காட்டும் எளிய பொம்மைகளின் குறும்படங்களும் இருக்கின்றன. அவர் 1978-இல் ஹோஷங்காபாத் திட்டத்துக்கு வந்தபோதுதான் தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்துக் கட்டும் தன் புகழ்பெற்ற வடிவங்களை உருவாக்கினார். இவற்றிலிருந்து நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்த ஐந்தாறு அனுபவமிக்க ஆசிரியர்கள் ஒரு வாரம் உட்கார்ந்தாலே போதும். அந்த வேலையே அவர்களுக்கு முதல் பயிற்சியாகவும் அமையும்.

பயிற்சி நாள் எப்படி நடக்க வேண்டும் என்பதை ஒரு பாடத்தைக் கொண்டு விரிவாகச் சொல்கிறேன். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் வரும் மின்னியலை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் வந்து அமர்ந்ததும், திரையை அணைத்தே வைத்துவிட்டு, இருவருக்கு ஒன்று வீதம் ஒரு டார்ச் செல், இழையுள்ள ஒரு டார்ச் பல்பு, இரு முனையும் சீவிய ஒரே ஒரு துண்டு கம்பி ஆகியவற்றை மட்டும் கொடுங்கள். பல்பு ஹோல்டர் வேண்டாம், இரண்டாவது கம்பியும் வேண்டாம். பல்பை எரிய வைக்கச் சொல்லுங்கள். இயற்பியலில் பட்டம் பெற்றவர்கள்கூடச் சில நிமிடங்கள் திணறுவதைப் பார்க்கலாம்; ஏனெனில் பல்பின் அடிமுனை ஒரு தொடுபுள்ளி, அதன் உலோக உறையின் பக்கவாட்டுப் பகுதி இன்னொரு தொடுபுள்ளி என்பது ஹோல்டரில் பொருத்தியே பழகியவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. செல்லின் ஒரு முனையில் பல்பின் அடியை வைத்து, மறுமுனையிலிருந்து கம்பியைக் கொண்டு வந்து பக்கவாட்டில் தொட்டதும் பல்பு எரியும். எரிந்த அமைப்பையும் எரியாத அமைப்புகளையும் ஆளுக்கு ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். மூடிய சுற்று என்ற கருத்து அந்தத் தாளில் அவர்கள் கையாலேயே வந்துவிடும்.

அடுத்து இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில், அதாவது ஒரே சுற்றில் ஒன்றன்பின் ஒன்றாக, வைக்கப் போகிறோம், எது அதிகமாக ஒளிரும் என்று கேட்டு, இணைப்பதற்கு முன் விடையையும் காரணத்தையும் எழுதி வாங்குங்கள். செல்லிலிருந்து வரும் மின்னோட்டத்தை முதல் பல்பு கொஞ்சம் செலவழித்துவிடும், ஆகவே இரண்டாவது மங்கலாக எரியும் என்ற எண்ணம், உலகின் பல நாடுகளில் இந்த வயதுப் பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்த ஒன்று. பெரியவர்களிடமும் அது மறைந்துவிடுவதில்லை. பிறகு இணைத்துப் பாருங்கள். பல்புகள் ஒரே மாதிரியானவை என்றால் இரண்டும் ஒரே அளவில் ஒளிரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் வாங்கும் டார்ச் பல்புகள் ஒரே அளவின என்று நம்ப முடியாது. மின்தடை சற்று வேறுபட்டால் ஒன்று அதிகமாக ஒளிர்ந்து, தவறான எண்ணத்துக்குச் சான்று கிடைத்தது போல் ஆகிவிடும். அப்போது இரண்டு பல்புகளையும் இடம் மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர்களில் ஒருவருக்காவது தோன்றும் வரை காத்திருங்கள். பிரகாசம் பல்போடு சேர்ந்து இடம் மாறுகிறது என்று கண்ட பிறகு, மல்டிமீட்டரைச் சுற்றின் வெவ்வேறு இடங்களில் தொடராக இணைத்து மின்னோட்டத்தை அளந்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவு வரும்.

இந்த இடத்தில்தான் திரையை இயக்க வேண்டும். சுற்று முழுவதும் மின்னூட்டங்கள் ஒரே வேகத்தில் நகர்வதைச் சிமுலேஷனில் காட்டும்போது, எழுதி வைத்த விடைக்கும் அளந்த அளவுக்கும் இடையே தவித்துக்கொண்டிருக்கும் மனத்துக்கு அது பெரிய உதவி. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை மனத்தில் உருவாக்கிக்கொள்ளத் திரை உதவுகிறது. கையால் தொட முடிந்ததைத் திரையில் காட்டினால் அந்த அனுபவத்தைத் திரை பறித்துவிடுகிறது. இதே சிமுலேஷனைப் பாடத்தின் தொடக்கத்தில் போட்டிருந்தால், நகரும் நீல உருண்டைகள் என்ற அழகான படம் மட்டுமே எஞ்சியிருக்கும். சிமுலேஷன் காட்டாதவற்றையும் பயிற்சியில் பேச வேண்டும்: தளர்ந்த இணைப்பு, தீர்ந்துபோன செல், குறுக்குச்சுற்றில் கம்பி சூடாவது ஆகியவை உண்மையான மேசையில்தான் கையில் உணரப்படும். டார்ச் செல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், சுவரில் உள்ள மின்சாரத்தை எந்தச் சோதனைக்கும் தொடக்கூடாது என்பதை ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இன்னொரு நடைமுறைச் செய்தி: இப்போது கடைகளில் இழை பல்புகள் எளிதில் கிடைப்பதில்லை. எல்இடி வாங்கினால் வெள்ளை எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும், திசை மாறினால் எரியாது, ஒற்றை 1.5 வோல்ட் செல்லோடு அதைக் கொடுத்தால் பாடமே குழம்பிவிடும். ஆகவே இழை பல்புகளை ஒன்றியம் முழுமைக்கும் மொத்தமாக முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

காணொலியைக் குறைகாணும் கண்ணோடு பார்க்கப் பழக்குவது பயிற்சியின் இன்னொரு பெரும்பகுதி. பூமி சூரியனைச் சுற்றும் பாதையைப் பல அனிமேஷன்களில் மிகவும் நீண்ட நீள்வட்டமாக, பக்கவாட்டிலிருந்து பார்ப்பது போல் வரைந்திருப்பார்கள். அதைப் பார்க்கும் பிள்ளை, பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை, விலகும்போது குளிர்காலம் என்று தானாகவே முடிவு கட்டிவிடும். உண்மையில் அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம்; பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், நாம் மார்கழிக் குளிரில் இருக்கும்போது. மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலையில். இந்த இரண்டு எண்களையும் ஓர் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டு, "அப்படியானால் ஏன் பொங்கலின்போது வெயில் குறைவாக இருக்கிறது?" என்று கேட்டால், அந்த அனிமேஷனே தவறைக் கண்டுபிடிக்கும் பாடமாக மாறும். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்ற எண்ணமும் இத்தகையதே. பளபளப்பான முப்பரிமாணக் காணொலியைப் பார்த்த பிறகும் பிள்ளைகள் அதையே எழுதுவார்கள், இருட்டறையில் ஒரு விளக்குக்கு முன்னே பந்தைக் கையில் பிடித்துத் தங்களைச் சுற்றிக் கொண்டுவந்து பார்த்தவர்கள்தான் மாற்றி எழுதுவார்கள். காணொலி அதற்குப் பிறகு வரட்டும்.

காணொலியை எப்படிக் காட்டுவது என்பதிலும் சில பழக்கங்கள் வேண்டும். இடைவிடாமல் ஓடும் படத்தைவிடச் சிறு சிறு துண்டுகளாக நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது நன்றாகப் பதிகிறது என்பது, பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்ட ஒன்று. ஐந்து நிமிடக் காணொலிக்கு மூன்று நிறுத்தங்கள் என்று வைத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். முதன்முறை ஒலியை அணைத்துவிட்டுக் காட்டி, பிள்ளைகளையே விவரிக்கச் சொல்வது நான் பயிற்சிகளில் வலியுறுத்தும் ஒரு முறை. பின்னணிக் குரல் விடையைச் சொல்லிவிடுவதற்கு முன் அவர்களுக்கு யோசிக்க இடம் கிடைக்கிறது, ஆசிரியருக்கும் அவர்கள் எதைக் கவனிக்கிறார்கள் என்பது தெரிகிறது.

இனி கால அட்டவணை. பள்ளி திறப்பதற்கு முன் நான்கைந்து நாள் தொடர்ச்சியாக வையுங்கள். ஆண்டில் எல்லாப் பாடங்களையும் தொட வேண்டாம், வகுப்புக்கு இரண்டு மூன்று பாடங்களை மட்டும் மேற்சொன்ன முறையில் முழுமையாகச் செய்யுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை, அருகிலுள்ள சில பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் அரை நாள். உங்கள் ஒன்றியத்தில் பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகளில் மூன்று வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் அறிவியல் பட்டதாரி ஆசிரியர்தான் இருப்பார். தன் பாடத்தைப் பற்றிப் பேச அவருக்குப் பள்ளியில் துணை கிடையாது. அந்த மாதக் கூட்டம்தான் அவருடைய ஆசிரியர் அறை. கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் மாணவர்களின் நான்கைந்து குறிப்பேடுகளையோ விடைத்தாள்களையோ கொண்டுவர வேண்டும் என்று விதி வையுங்கள். பிள்ளைகள் என்ன எழுதினார்கள், ஏன் அப்படி எழுதினார்கள் என்று பேசும் கூட்டத்தில் எவரும் தூங்குவதில்லை. அடுத்த மாதச் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டும் கூட்டமாக அது மாறிவிட்டால் இரண்டாவது மாதமே வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து மட்டுமே மிஞ்சும். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. இணையவழியில் காணொலி பார்த்துச் சான்றிதழ் பெறுவதில் அந்த மணி நேரங்கள் தீர்ந்தால் அதனால் வகுப்பறைக்கு வருவது மிகக் குறைவு.

கூட்டங்களுக்கு இடையே யாராவது பள்ளிக்குச் சென்று வகுப்பில் உடனிருக்க வேண்டும். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் அதற்கு ஏற்றவர்கள், ஆனால் அவர்கள் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளாக அல்லாமல் சோதனைப் பொருள்களை எடுத்துவைக்க உதவும் துணையாசிரியர்களாக வர வேண்டும், மதிப்பெண் தரும் படிவம் எதையும் அன்று நிரப்பக் கூடாது. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்காக 2022 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டத்தின் கருத்தாளர்கள் உங்கள் பள்ளிகளுக்கு வருகிறார்கள் என்றால், அவர்களையும் இந்தத் திட்டத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். கருத்தாளர் சோதனை செய்து காட்டும் நேரத்தில் வகுப்பாசிரியர் வேறு வேலையைப் பார்க்கப் போகாமல் உடன் நிற்க வேண்டும், அடுத்த வாரம் அதே சோதனையை அவரே தொடர வேண்டும் என்பதைத் தலைமையாசிரியர் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

தலைமையாசிரியர்களையும் வட்டாரக் கல்வி அலுவலரையும் முதல் நாளே பயிற்சிக்கு அழைத்து, பல்பு எரிய வைக்கும் சோதனையைச் செய்ய வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 40 நிமிடப் பாடவேளையில் பொருள்களைப் பகிர்ந்து, கணித்து எழுதி, செய்து பார்த்து, காணொலி பார்த்து, பேசி முடிக்க முடியாது. வாரத்தில் ஒருமுறையாவது இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து ஒதுக்கித் தர வேண்டியவர் தலைமையாசிரியர். வகுப்பறையில் பேச்சொலி எழும்போது அது வேலை நடக்கும் ஒலி என்று புரிந்துகொள்ள வேண்டியவரும் அவர்தான். தேர்வும் அப்படியே. பருவத் தேர்வில் 'மின்னோட்டம் என்றால் என்ன?' என்பது மட்டுமே கேள்வியாக வருமானால், பயிற்சி பெற்ற ஆசிரியரும் டிசம்பருக்குள் வினா-விடை எழுதிப் போடும் பழைய முறைக்குத் திரும்பிவிடுவார்; அவரைக் குறை சொல்ல முடியாது. பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டில் ஆசிரியருக்கு இருக்கும் இடத்தைப் பயன்படுத்தி, இரண்டு பல்பு வினா போன்ற காரணம் கேட்கும் வினாக்களை ஒன்றியம் முழுவதற்கும் பொதுவாகத் தயாரித்துக்கொள்ளுங்கள்.

இடமாறுதல் கலந்தாய்வில் ஒவ்வோர் ஆண்டும் சிலர் போவார்கள், சிலர் வருவார்கள். ஆகவே பயிற்சியைப் பள்ளிக்கு ஒருவர் என்று ஒரே ஆண்டில் முடித்துவிட்டதாகக் கணக்கு எழுதாமல், புதிதாக வருபவர்களுக்கான இடத்தை ஆண்டுதோறும் வைத்திருங்கள். சோதனைப் பெட்டியும் பாடக் குறிப்புகளும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் இருக்கட்டும். செல், கம்பி, பல்பு, வினிகர், லிட்மஸ் தாள் போன்று தீர்ந்துபோகும் பொருள்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை வேண்டும். திறன்பலகைக்குப் பெரும்பணம் செலவழித்துவிட்டு, தீர்ந்துபோன செல்லுக்கு ஆசிரியர் தன் கைக்காசைப் போடும் நிலை பல பள்ளிகளில் இருக்கிறது, அதை உங்கள் திட்டத்தில் அனுமதிக்காதீர்கள்.

விற்கும் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவையும் சில உண்டு. காணொலிகளைத் துண்டு துண்டாக வெட்டி, நம் வரிசையில் அடுக்கிக்கொள்ள முடியுமா? இணையமும் உரிமக் கட்டணமும் இல்லாமல் மூன்றாண்டுகள் கழித்தும் அவை இயங்குமா? தமிழ்க் கலைச்சொற்கள் நம் பாடநூலில் உள்ளபடியே இருக்கின்றனவா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பயன்பாட்டை அளக்க அவர்கள் தரும் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற கணக்கை அறிக்கையில் சேர்க்கலாம், ஆனால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டு பல்பு வினாவைப் பாடத்துக்கு முன் ஒருமுறை, பாடம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒருமுறை மாணவர்களிடம் கொடுத்து, வரைபடத்தோடு விடை வாங்கி ஒப்பிடுங்கள். அறக்கட்டளைக்குக் காட்டவும் அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

முதல் ஆண்டில் எல்லாப் பள்ளிகளிலும் தொடங்க வேண்டாம். விருப்பத்துடன் வரும் பத்துப் பன்னிரண்டு பள்ளிகளை எடுத்துக்கொண்டு, மின்னியலையே முதல் பாடமாக வையுங்கள். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் அது இரண்டாம் பருவத்தில் வருவதால், பொருள் வாங்கவும் ஆசிரியர்கள் இருமுறை ஒத்திகை பார்க்கவும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நேரம் இருக்கும். திறன்பலகை அதற்குள் வந்து சேராவிட்டாலும் ஒரு மடிக்கணினியும் பழைய புரொஜெக்டரும் கொண்டு இதைத் தொடங்கிவிடலாம்.